பாலைவனத்து மேசியா: பிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவல் வரிசையும் சமய வரலாறும்

விஞ்ஞானப் புனைகதை என்றவுடன் அதை இளைஞரின் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. விண்கலங்களும் விந்தைப் பிராணிகளும் நிறைந்த கதையில் இறையியலார்க்கு என்ன வேலை என்று கேட்பதும் இயல்பே. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சமயத்தைக் குறித்து எழுந்த ஐயங்களையும் ஏக்கங்களையும் அறிய விரும்பும் வரலாற்று மாணவர், அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'டியூன்' நாவல் வரிசையைப் புறக்கணிக்க இயலாது. 'டியூன்' என்னும் சொல்லுக்கு மணற்குன்று என்பது பொருள். 1965 முதல் 1985 வரை ஆறு நாவல்களாக வெளிவந்த இவ்வரிசையின் நடுப்பொருள் ஒரு மேசியா. அவர் எவ்வாறு எழுகிறார், யாரால் எழுப்பப்படுகிறார், அவர் பெயரால் என்னவெல்லாம் நிகழ்கின்றன என்பதே கதை. இது திருச்சபை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியுமாகும். எனவே இந்நூல்கள் பிறந்த சூழலையும், அவற்றின் வரலாற்று ஊற்றுகளையும், அவை நமக்கு விடுக்கும் எச்சரிக்கையையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

1. நூல் பிறந்த சூழல்

ஹெர்பர்ட் 1920ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகரில் பிறந்தார். கத்தோலிக்க உறவினர் நடுவே வளர்ந்து, பிற்காலத்தில் சென் பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டவர். பத்திரிகையாளராகப் பணியாற்றிய அவர், 1957இல் ஆரிகன் மாநிலத்துப் புளோரன்ஸ் என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றார். நகர்ந்து வரும் மணற்குன்றுகளைப் புல் நட்டு நிலைநிறுத்த அரசு வேளாண்மைத் துறை அங்கே மேற்கொண்டிருந்த முயற்சியைப் பற்றிக் கட்டுரை எழுதுவதே அவர் நோக்கம். அக்கட்டுரை எண்ணியபடி உருவாகவில்லை. ஆனால் பாலைவனமும், பாலைவனங்களில் பிறந்த சமயங்களும் அவர் சிந்தையை விட்டு அகலவில்லை.

பல ஆண்டு ஆய்வுக்குப்பின் எழுதப்பட்ட கதை, 'அனலாக்' என்னும் இதழில் 1963 டிசம்பர் தொடங்கி 1965 மே வரை இரு தொடர்களாக வெளிவந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் அதனை நூலாக்க மறுத்தன. இறுதியில், மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்பெற்ற சில்டன் நிறுவனம் 1965இல் அதனை வெளியிட்டது. மறு ஆண்டிலேயே அது ஹியூகோ விருதை மற்றொரு நூலுடன் பகிர்ந்துகொண்டதுடன், நாவலுக்கான முதல் நெபுலா விருதையும் பெற்றது.

இக்காலத்தைத் திருச்சபை வரலாற்றோடு இணைத்து நோக்குவது பயனுடையது. உலகத் திருச்சபைகளின் மாமன்றம் 1961இல் புதுடில்லியில் கூடியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடைபெற்றது. ஒருமைப்பாட்டுப் பேச்சு எங்கும் ஒலித்த அந்நாட்களில் எழுதப்பட்ட 'டியூன்' நாவலின் பின்னிணைப்பு ஒன்று, நெடுந்தொலைவு எதிர்காலத்தில் நடைபெற்றதாக ஒரு கற்பனைச் சங்கத்தை வருணிக்கிறது. பெருஞ்சமயங்களின் பிரதிநிதிகள் பழைய பூமியின் தீவு ஒன்றில் கூடுகின்றனர். முழு வெளிப்பாடும் தமக்கே உரியது என்னும் உரிமை கோரலைச் சமயங்களின் கையிலிருந்து அகற்றுவது அவர்கள் நோக்கம். ஏழாண்டு உழைப்பின் பயனாக 'ஆரஞ்சு கத்தோலிக்க வேதாகமம்' வெளிவருகிறது. அறிவின் செருக்கில் விளைந்த நூல் என அதனை ஏசினோரும் உண்டு. அந்நூல் அரண்மனைகளில் மதிக்கப்படுகிறது, மேற்கோளாகவும் ஆளப்படுகிறது. ஆனால் மக்களை எழுப்பி நடத்தும் சமயம் அந்தத் தீவிலிருந்து வரவில்லை, தண்ணீரற்ற பாலைவனத்திலிருந்தே வருகிறது. ஒருமைப்பாட்டை நாடும் நமக்கு இது சிந்திக்கத்தக்க குறிப்பு.

2. விதைக்கப்பட்ட எதிர்பார்ப்பு

கதையின் களம் அராக்கிஸ் என்னும் பாலைக்கோள். விண்வெளிப் பயணத்திற்கு இன்றியமையாத ஒரு நறுமணப் பொருள் அங்கு மட்டுமே கிடைக்கிறது. எனவே பேரரசரும் பிரபுக்களும் அக்கோளைக் கைக்கொள்ளப் போரிடுகின்றனர். லேட்டோ என்னும் பிரபு சதியால் கொல்லப்படுகிறார். அவருடைய மகன் பால் அட்ரெய்டீசும், தாய் ஜெசிக்காவும் பாலைவனத்திற்குத் தப்பியோடி, அங்கு வாழும் பிரெமன் மக்களிடம் அடைக்கலம் தேடுகின்றனர்.

ஜெசிக்கா 'பெனி ஜெசரிட்' என்னும் பெண்டிர் சபையைச் சார்ந்தவள். இச்சபை பல தலைமுறைகளுக்கு முன்பே ஏழைக் கோள்கள் பலவற்றுக்கும் தூதரை அனுப்பி, வருங்கால மீட்பரைப் பற்றிய தீர்க்கதரிசனங்களை மக்களிடையே விதைத்து வைத்திருந்தது. சபையைச் சார்ந்த எவளேனும் பிற்காலத்தில் ஆபத்தில் அகப்பட்டால், அம்மக்களின் நம்பிக்கையைப் பயன்படுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்பதே ஏற்பாடு. இத்துறைக்கு ஹெர்பர்ட் இட்ட பெயர் 'மிசனாரியா புரொட்டக்டீவா'. காப்புக்கான அருட்பணி என அதனை மொழிபெயர்க்கலாம். 1622இல் உரோமையில் நிறுவப்பட்ட விசுவாசப் பரப்புதல் பேராயத்தின் இலத்தீன் பெயரை இது நினைவூட்டுகிறது.

பிரெமன் மக்கள் பொய்யரும் அல்லர், மூடரும் அல்லர். ஒடுக்கப்பட்டு, ஊர் ஊராய்த் துரத்தப்பட்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாய்ச் சேமித்து வாழும் அவர்களுக்கு விடுதலையின்மேல் உள்ள தாகம் மெய்யானது. அந்த மெய்யான தாகத்தின்மீதே பொய்யான வாக்குறுதி விதைக்கப்பட்டது. ஜெசிக்கா உயிர் தப்புவதற்காக, விதைக்கப்பட்ட சொற்களை எடுத்து ஆளுகிறாள். மக்கள் மண்டியிடுகின்றனர். மகன் மேசியாவாகிறான். அருட்பணி பேரரசுகளின் நிழலில் வளர்ந்த நாடுகளில் வாழ்வோர் இப்பகுதியை மனவருத்தமின்றி வாசிக்க இயலாது. மக்களின் நன்மைக்கென உரைக்கப்பட்ட சொல் எது, உரைத்தவரின் பாதுகாப்பிற்கென உரைக்கப்பட்ட சொல் எது என்று பிரித்தறியும் கடமையை இக்கதை நம்மேல் சுமத்துகிறது.

3. வரலாற்று ஊற்றுகள்

ஹெர்பர்ட் இக்கதையை வெறுங்கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. கவ்காஸ் மலைநாட்டில் இரஷ்யப் பேரரசை எதிர்த்து 1834 முதல் 1859 வரை போரை நடத்திய இமாம் ஷாமிலின் வரலாற்றை லெஸ்லி பிளாஞ்ச் 1960இல் நூலாக எழுதினார். ஹெர்பர்ட் அந்நூலிலிருந்து சொற்களையும் வழக்குகளையும் எடுத்தாண்டுள்ளார். சூடான் நாட்டில் 1881இல் தன்னை மஹ்தி என அறிவித்த முகமது அகமதுவின் இயக்கம் 1885இல் கார்ட்டூம் நகரைக் கைப்பற்றியது. கதையிலும் பிரெமன் மக்கள் பாலை 'மஹ்தி' என்றே அழைக்கின்றனர். அவன் ஏற்கும் 'முவாத்திப்' என்னும் பெயர், ஆசிரியரைக் குறிக்கும் அரபுச் சொல்லை ஒத்தது. பெனி ஜெசரிட் சபை எதிர்நோக்கும் உயர்மனிதனின் பட்டமோ எபிரேய மரபிலிருந்து வந்தது. தூரத்தைச் சுருக்கி நொடியில் வழி கடப்பதைக் குறிக்கும் யூதச் சொற்றொடர் அது.

நமது சபை வரலாற்றிலும் இதற்கு இணையானவை உண்டு. 1534இல் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரில், இறுதிக்காலம் வந்துவிட்டது என நம்பிய சிலர் புதிய எருசலேமை நிறுவ முற்பட்டனர். லேடன் ஊரைச் சார்ந்த யான் என்பவர் தன்னை அரசனாக அறிவித்துக்கொண்டார். 1535இல் நகரம் வீழ்ந்தபோது எஞ்சியது பஞ்சமும் படுகொலையுமே. ஏழைகளின் மெய்யான ஏக்கம் ஒரு மனிதனின் முடியாக மாறியது. ஹெர்பர்ட் சொல்லும் கதை நமக்குப் புதிதன்று.

4. கதை சொல்லும் முறை

இந்நாவலின் இலக்கிய ஆழம் பெரிதும் அதன் அமைப்பில் உள்ளது. ஒவ்வோர் அதிகாரத்தின் முகப்பிலும் ஒரு மேற்கோள் காணப்படும். அவற்றுள் பெரும்பாலானவை பேரரசரின் மகளான இருலான் பிற்காலத்தில் பாலைப் பற்றி எழுதியதாகச் சொல்லப்படும் நூல்களிலிருந்து வருபவை. ஆகவே நிகழ்ச்சியை வாசிக்கும் முன்பே, அந்நிகழ்ச்சி எவ்வாறு புனிதக் கதையாக மாறியது என்பதை வாசகர் அறிகிறார். அச்சமுற்றுத் தடுமாறும் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருபுறமும், ஏடுகளில் உறைந்துபோன மகான் மறுபுறமும் நிற்கின்றனர். இவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரத்தை வாசகர் ஒவ்வோர் அதிகாரத்திலும் அளந்து பார்க்கிறார். மரபு உருவாதலைக் கற்கும் மாணவர்க்கு இது நல்லதொரு பயிற்சி.

தண்ணீர் இந்நாவலின் பெரும் அடையாளம். பிரெமன் மக்களிடையே ஒருவர்முன் துப்புவது மரியாதை, ஏனெனில் அது உடலின் நீரைக் காணிக்கையாக அளிப்பதாகும். தான் கொன்ற ஒருவனுக்காகப் பால் கண்ணீர் விடும்போது, இறந்தவனுக்குத் தண்ணீரைக் கொடுக்கிறான் என மக்கள் வியந்து நிற்கின்றனர். காட்டிக்கொடுக்கும் மருத்துவன் யூவே பாலுக்கு ஒரு சிறு வேதாகமத்தைப் பரிசளிப்பதும் கருதத்தக்கது. துரோகியின் கை வழியாகவும் திருநூல் வந்து சேர்கிறது.

5. மேசியாவின் வீழ்ச்சி

பாலுக்கு எதிர்காலத்தைக் காணும் ஆற்றல் வாய்க்கிறது. தன் பெயரால் அண்டமெங்கும் புனிதப்போர் பரவுவதை அவன் முன்னமே காண்கிறான். தடுக்க விரும்புகிறான். ஆனால் நாவலின் இறுதிப் போராட்டத்தில், தான் இறந்தாலும் அப்போர் நில்லாது என்பதை உணர்கிறான். அதற்குமுன் நிகழும் ஒரு சிறு காட்சியே நாவலின் உச்சம் என நாம் கருதுகிறோம். பிரெமன் தலைவனும் பாலின் தோழனுமான ஸ்டில்கரின் கண்களில் ஒரு மாற்றத்தைப் பால் காண்கிறான். சரிநிகராய் நின்று பேசிய நண்பன் மறைந்து, வியப்பும் கீழ்ப்படிதலும் மட்டுமே கொண்ட பக்தன் அவ்விடத்தில் நிற்கிறான். பால் ஒரு பேரரசை வெல்லும் தறுவாயில் ஒரு நண்பனை இழக்கிறான்.

பல வாசகர் இதைக் கவனியாமல் வெற்றிக் கதையாகவே போற்றினர். ஆகவே 1969இல் வெளிவந்த 'டியூன் மேசியா' அவர்களுக்கு அதிர்ச்சியளித்தது. முதல் தொடரை ஏற்ற 'அனலாக்' ஆசிரியர் ஜான் கேம்பலும் இதனை ஏற்க மறுத்தார். பன்னிரண்டு ஆண்டுப் புனிதப்போரில் 6,100 கோடி மக்கள் மாண்டதாகவும், நாற்பது சமயங்களைச் சார்ந்தோர் அழிந்ததாகவும் பேரரசனான பாலே கணக்கிட்டுரைக்கிறான். கண்ணிழந்து, தனியே பாலைவனத்திற்குள் நடந்து செல்கிறான். 1976இல் வெளிவந்த 'டியூனின் மக்கள்' நாவலில் பார்வையற்ற பிரசங்கியார் ஒருவர் தோன்றி, பாலின் பெயரால் எழுப்பப்பட்ட ஆலயத்தின் முன்பாகவே அச்சமயத்தைக் கண்டிக்கிறார். ஆலயத்தைச் சார்ந்தோராலேயே கொல்லப்படுகிறார். அவர் வேறு யாருமல்லர், பாலே. தன் பெயரைத் தாங்கிய சமயத்திடமிருந்து அந்த நிறுவனரும் தப்ப முடியவில்லை. 1981இல் வெளிவந்த நான்காம் நாவலில் அவன் மகன் 3,500 ஆண்டுகள் கடவுள்-பேரரசனாக ஆண்டு, கட்டாய அமைதியை நிலைநாட்டுகிறான். 1986இல் ஹெர்பர்ட் மறைந்தபின்னும் இக்கதையின் ஈர்ப்பு குறையவில்லை. 2021, 2024 ஆண்டுகளில் டெனி வில்னவ் இயக்கிய திரைப்படங்கள் புதிய தலைமுறையிடம் அதனைக் கொண்டு சேர்த்துள்ளன.

6. நமக்குரிய பாடம்

இந்நூல்கள் சமயத்தையே மறுப்பவை என்போர் உளர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. ஹெர்பர்ட் அஞ்சியது, மக்களின் புனித எதிர்பார்ப்பும் ஆட்சியதிகாரமும் ஒரே மனிதனிடம் குவிவதை. மாவீரன் ஒருவனின் கையில் அகப்படுவதைவிடப் பெரிய கேடு ஒரு மக்களினத்திற்கு இல்லை என்பதை முதல் நாவலிலேயே ஒரு பாத்திரத்தின் மரணவேளையில் அவர் உணர்த்திவிட்டார். ஆயினும் அவர் பார்வைக்கும் எல்லையுண்டு. அவர் படைத்த உலகில் சமயம் மிகுதி, கடவுளின் கிருபையோ காணப்படவில்லை. அதிகாரத்தை மறுக்கும் மீட்பர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதை அவர் கதை எண்ணிப்பார்க்கவில்லை.

நற்செய்தி நூல்கள் அத்தகைய மீட்பரையே காட்டுகின்றன. அப்பம் உண்டு திருப்தியடைந்த கூட்டம் தம்மை அரசராக்க முயன்றபோது இயேசு மலைக்கு விலகிச் சென்றார் (யோவான் 6:15). உலகின் அரசுகளை வனாந்தரத்தில் மறுத்தார் (மத்தேயு 4:8-10). பேதுரு அவரைக் கிறிஸ்து என அறிக்கையிட்டபோது, அதை எவருக்கும் சொல்லவேண்டாம் எனக் கட்டளையிட்டார் (மாற்கு 8:30). வில்லியம் விரேட 1901இல் எழுப்பிய மேசியா மறைபொருள் பற்றிய விவாதத்தை நம் வகுப்புகளில் இன்றும் கற்பிக்கிறோம். அம்மறைபொருளின் இலக்கியத் தோற்றம் எதுவாயினும், அதன் ஆயர்பணிப் பொருளை 'டியூன்' நமக்கு எதிர்மறையாக விளக்குகிறது. பட்டத்தை விரைந்து ஏற்பவன் மக்களை இழக்கிறான்.

கதைத்தலைவனின் பெயரும் அப்போஸ்தலன் பவுலின் பெயரும் ஒன்றே. லீஸ்திராவில் மக்கள் பவுலையும் பர்னபாவையும் தேவர்கள் எனக் கருதிப் பலியிட வந்தனர். நடக்கவியலாத ஒருவன் அங்கே உண்மையாகவே நலம் பெற்றிருந்தான், மக்களின் நன்றியும் மெய்யானதே. அந்நன்றியை ஊழியத்தின் நலனுக்கெனப் பயன்படுத்திக்கொள்ள வாய்ப்பிருந்தது. அப்போஸ்தலரோ ஆடைகளைக் கிழித்துக்கொண்டு கூட்டத்திற்குள் ஓடி, தாங்களும் அவர்களைப் போன்ற மனிதரே எனக் கதறினர் (அப்போஸ்தலர் 14:8-18).

இன்று திருப்பணிக்குச் செல்லும் மாணவர்க்கு இவ்விரு பவுல்களும் முன்நிற்கின்றனர். நோயுற்றோரும், கடன்பட்டோரும், நீதி கிடைக்காதோரும் நம் வாசலுக்கு வருவார்கள். அவர்கள் தாகம் மெய்யானது. நம் சொல்லால் ஆறுதல் பெற்றவர்கள் நம்மை உயர்த்த முற்படுவார்கள். அவ்வேளையில் அவர்கள் கண்களை நாம் கவனிக்க வேண்டும். நம்மிடம் வினாத் தொடுத்தவர் வினாவை நிறுத்திவிட்டாரா, நம்மோடு வாதிட்ட சபையார் வெறுமனே தலையசைக்கத் தொடங்கிவிட்டனரா என்று பார்க்க வேண்டும். அவ்வாறாயின், லீஸ்திராவில் அப்போஸ்தலர் செய்ததைப் போலக் கூட்டத்திற்குள் இறங்கி, நாமும் மனிதரே என்று சொல்லவேண்டிய நேரம் அதுவே.