போர்க்கால அஞ்சலட்டைகளில் இந்தியப் படைவீரர்கள்

முதல் உலகப் போர்க் காலத்தில் (1914–1918) படைவீரர்களின் உருவம் தாங்கிய பட அஞ்சலட்டைகள் ஐரோப்பாவில் ஏராளமாக அச்சாயின. இந்திய வீரர்களைக் காட்டும் அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகின்றனர். வரலாறு படிப்போருக்கு இவை நல்ல சான்றுகள். ஆனால் இவை காட்டாமல் விட்டவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அட்டைகள் தோன்றிய சூழல்

1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படைகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. தலைப்பாகை அணிந்த வீரர்களின் அணிவகுப்பும், அவர்கள் முகாமில் சமைக்கும் காட்சியும் அவ்வூர் மக்களுக்குப் புதுமையாக இருந்தன. பதிப்பாளர்கள் அவற்றைப் படமெடுத்து அட்டைகளாக விற்றனர். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் இருந்த அரண்மனை 1914 டிசம்பரில் காயமுற்ற இந்திய வீரர்களின் மருத்துவமனையாயிற்று. அதன் மண்டபங்களில் வீரர்கள் படுத்திருக்கும் காட்சியும் அட்டைகளில் இடம்பெற்றது.

இவ்வட்டைகளில் வீரரின் பெயர் பெரும்பாலும் இராது. பிரெஞ்சு அட்டைகளில் சீக்கியரும் இசுலாமியரும்கூட ‘இந்து’ என்றே குறிக்கப்பட்டனர். அக்காலப் பிரெஞ்சு வழக்கில் அச்சொல் இந்தியர் அனைவரையும் குறித்தது.

பின்பக்கம் சொல்லும் செய்தி

தேர்ந்த சேகரிப்பாளர் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். கள அஞ்சலக முத்திரையின் எண்ணும் நாளும், தணிக்கை முத்திரையும் அட்டை எப்போது, எவ்வழியே சென்றது என்பதை அறிய உதவும். வெளிநாடு சென்ற இந்தியப் படையினருக்காக 1914இல் ‘ஐ.இ.எஃப்.’ என்று மேலச்சிட்ட இந்திய அஞ்சல்தலைகள் வெளியாயின. பிரான்சுக்குச் சென்ற படை ‘ஏ’ என்றும், மெசபடோமியாவுக்குச் சென்ற படை ‘டி’ என்றும் குறிக்கப்பட்டன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் படம் சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சகப் பிரதி. புள்ளியின்றிச் சீராகத் தெரிந்தால் அது பெரும்பாலும் ஒளிப்படத் தாளில் எடுத்த நேர்ப்பிரதி.

தமிழ் வீரர்கள் எங்கே?

இவ்வட்டைகளில் சீக்கியர், கூர்க்கர், பட்டாணியர் முகங்களே மிகுதி. சென்னை மாகாண வீரர்கள் போருக்குச் செல்லவில்லை என்று இதைக் கொண்டு முடிவு செய்வது தவறு. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா சண்டையில் 61ஆம் பயனியர் படையும், 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் போரிட்டன. மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள் மெசபடோமியாவில் பணியாற்றினர். அட்டை விற்கும் சந்தை பிரான்சிலும் இங்கிலாந்திலும் இருந்தது, டாங்காவில் இல்லை. ஆகவே அட்டைகளின் எண்ணிக்கை விற்பனை நடந்த இடத்தைக் காட்டுமே தவிர, வீரர்கள் சென்ற இடங்களை எல்லாம் காட்டாது.

நினைவுச் சின்னங்களிலும் இவ்வேறுபாடு உண்டு. பிரான்சில் 1927இல் திறக்கப்பட்ட நியூவ் சாப்பல் நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஈராக்கின் பாஸ்ரா நினைவகத்திலோ இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையில் மட்டுமே குறிக்கப்பட்டனர். இத்தகைய பாகுபாட்டுக்காகக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021இல் மன்னிப்புக் கோரியது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் காணப்படும் முதல் உலகப் போர் நினைவுக் கற்களும், அவ்வூரிலிருந்து சென்றோர் இத்தனை பேர், மாண்டோர் இத்தனை பேர் என்ற கணக்கையே தருகின்றன.

மாணவர் செய்யத்தக்கது

பனமலை, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில், பட்டாளத்துக்குச் சென்றவர்களின் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டிகளில் இரண்டாம் உலகப் போர்க்கால அட்டையோ ஒளிப்படமோ இருக்கலாம். கிடைத்தால் ஆல்பத்திலிருந்து பிய்க்கவோ, லேமினேட் செய்யவோ கூடாது. இரு பக்கமும் படமெடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, படத்தில் இருப்பவர் பெயர், ஊர், படைப்பிரிவு ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். விலைக்கு வாங்கிய அட்டையில் முகம் இருக்கும், பெயர் இராது. ஊர்க்கல்லில் கணக்கு இருக்கும், முகம் இராது. முகத்தையும் பெயரையும் சேர்த்துச் சொல்லக்கூடியவர்கள் வீட்டிலிருக்கும் பெரியவர்களே. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.