வேண்டாத விடைகள்

நாமக்கல்லில் நாமகிரித் தாயாரைச் சேவித்துவிட்டுச் சேலம் பஸ்ஸில் திரும்பிக் கொண்டிருந்தோம். "ராமானுஜத்துக்குக் கணக்கையெல்லாம் இந்தத் தாயார்தான் கனவில் சொன்னாளாமே, மாமா?" என்று கேட்டாள், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகள்.

அவருடைய குலதெய்வம் அவள். அவரே அப்படிச் சொல்லியும் இருக்கிறார். கனவைப் பற்றி நான் என்ன கண்டேன்! எனக்குத் தெரிந்தது ஒரு கணக்கு. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் மேல்வகுப்பு மாணவர் ஒருவர் சிறுவன் ராமானுஜத்துக்குப் போட்டது. ஓர் எண்ணின் வர்க்கமூலத்தோடு இன்னோர் எண்ணைக் கூட்டினால் 7. அந்த இன்னோர் எண்ணின் வர்க்கமூலத்தோடு முதல் எண்ணைக் கூட்டினால் 11. எண்கள் யாவை? அரை நிமிஷத்தில் பையன் விடை சொல்லிவிட்டானாம்.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் புதுச்சத்திரம் வரை பிடித்தது. "9, 4" என்றாள். பிறகு, "போட்டுப் பார்த்துத்தான் சொன்னேன். வேறு விடை இல்லையென்று எப்படித் தெரியும்?" என்று ஒரு போடு போட்டாள்.

கல்லூரியில் இரண்டு வருஷம் கணக்கோடு மல்லுக்கட்டியவன் நான். இரவு காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். வர்க்கமூலத்தை ஒழிக்க இருபுறமும் வர்க்கப்படுத்த வேண்டும். ஆனால் அந்த மருந்துக்கு ஒரு தோஷம் உண்டு. 3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9. மைனஸ் 3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9. ஒரு தடவை வர்க்கப்படுத்திவிட்டால் குறியின் அடையாளமே அழிந்து போகும். முதல் எண்ணின் வர்க்கமூலத்தைத் தேடிப் போனால் நான்காம் படிச் சமன்பாடு வந்து நிற்கிறது. அதற்கு நான்கு விடைகள். ஒன்று 3. மற்றொன்று ஏறக்குறைய 3.58, இது பார்க்க யோக்கியமாக இருந்தாலும், இரண்டாம் எண்ணின் வர்க்கமூலத்தை மைனஸாக்கிவிடுகிறது. மற்ற இரண்டும் தாமே மைனஸ். வர்க்கமூலக் குறி என்றால் மைனஸ் இல்லாத மூலம் என்பது கணிதக்காரர் ஏற்பாடு. ஆகவே மூலக் கணக்கில் வைத்துப் பார்த்தால் மூன்றும் உதவாது. மாணவனாக இருந்தபோது இப்படி வந்த விடைகளையெல்லாம் சோதிக்காமல் பரீட்சைத் தாளில் பந்தி போட்டு உட்கார வைத்து மார்க்கைக் கோட்டை விட்டவன் நான்!

1911-ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் ராமானுஜம் ஒரு கேள்வி போட்டார். ஒரு வர்க்கமூலம்; அதற்குள் 1, அதோடு 2 மடங்கு இன்னொரு வர்க்கமூலம்; அதற்குள் 1, அதோடு 3 மடங்கு வேறொன்று; அதற்குள் 4 மடங்கு... முடிவே கிடையாது. மொத்த மதிப்பு என்ன? ஆறு மாதம் காத்திருந்தார். யாரும் விடை அனுப்பவில்லை. அவரே சொன்னார்: 3.

சூட்சுமம் இதுதான். 3 என்பது 9-ன் வர்க்கமூலம். 9 என்பது ஒன்றும், 2 மடங்கு நான்கும். அந்த 4, பதினாறின் வர்க்கமூலம். 16 என்பது ஒன்றும், 3 மடங்கு ஐந்தும். 5-ஐ இப்படியே பிரிக்கலாம். 3 என்ற ஒற்றை எண்ணை மடிப்பு மடிப்பாகப் பிரித்துக்கொண்டே போகிறார்!

நானும் மயங்கித்தான் போனேன். ஆனால் தங்கை மகள் சும்மா விடுவாளா? 4-ஐயும் இப்படிப் பிரிக்கலாமே என்றாள். உண்மைதான். 16 என்பது ஒன்றும், 2 மடங்கு ஏழரையும். ஏழரையையும் மேலே பிரிக்கலாம், பின்னங்கள் அவலட்சணமாக வந்தாலும். அப்படியானால் விடை 4-ஆ? அடுக்கை அங்கங்கே வெட்டிக் கணக்கிட்டுப் பார்த்தோம். 1.73, 2.24, 2.56... ஏறிக்கொண்டே போய் 3-ஐ நெருங்குகிறது, தாண்டுவதில்லை. இப்படிப்பட்ட அடுக்குகள் எப்போது ஓர் எண்ணில் நிலைக்கும் என்பதற்குப் பின்னாளில் டி. விஜயராகவன் விதி கண்டார்.

1913-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி எழுதிய முதல் கடிதத்திலேயே, விடைகளுக்கு நிரூபணம் வேண்டுமென்று கேட்டிருந்தார். கடல் தாண்டத் தயங்கிய ராமானுஜம் நாமக்கல் கோயிலில் மூன்று இரவு தங்கி உத்தரவு பெற்றதாகச் சொல்வார்கள். 1914 மார்ச் 17-ல் சென்னையில் கப்பலேறினார்.

"அந்த வெள்ளைக்காரரும் என்னைப் போலத்தான் கேட்டிருக்கிறார்" என்றாள் எங்கள் பெண்.