கடைமடைச் சிலந்தியின் கோடை

திருவானைக்காவில் லிங்கத்தின்மேல் சருகு விழாமல் வலைப்பந்தல் போட்ட சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது காவிரிக்கரையில் தெரிந்த கதை. சிலந்திக்கு உழவன் தந்த நிழலைத்தான் யாரும் கதையாக்கவில்லை. தன் உடம்பில் சூட்டை உண்டாக்கவோ தணிக்கவோ சிலந்தியால் ஆகாது. குளிர்நாட்டுச் சிலந்திகள் உடல்நீர் உறையாமல் தடுக்கும் பொருள்களைச் சுரந்து பனிக்காலத்தைக் கடத்துகின்றன. காவிரிக் கடைமடையான திருத்துறைப்பூண்டியின் சிலந்திக்கு மார்கழிப் பனி ஒரு பொருட்டே அல்ல. சித்திரை வெயில்தான் சோதனை. சம்பா அறுத்தபின் கடைமடைக்குத் தண்ணீர் வரும்வரை களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வலைச்சிலந்திகளில் சில, வெயில் படும் பரப்பு குறையும்படி உடம்பைத் திருப்பிக்கொள்ளும். தரையில் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்திக்கு ஒதுங்க இடம் வேண்டும். முட்டைப்பையை வயிற்றின் பின்னால் சுமக்கும் தாய்க்கு இன்னும் வேண்டும். வரப்புப் புல்லும், அறுத்த தாளும், வெடிப்பும், சம்பா நிற்கும்போதே தெளித்த உளுந்தும் அந்த இடத்தைத் தந்தன. சிலந்தியை நினைத்து யாரும் செய்ததில்லை. ஆனாலும் பயிர்ப்பூச்சியைத் தின்னும் சிலந்தி பிழைத்ததால், பலன் உழவனுக்கே வந்தது.

கோடை உழவு அந்த வெடிப்பை மூடிவிடாதா என்று கேட்கலாம். மூடும், ஆனால் ஏர் வரப்பில் ஏறாது. நூல் விட்டுக் காற்றில் மிதந்து குஞ்சுகள் எங்கிருந்தாவது வருமே என்பார்கள். வரும்தான், ஆனால் அவை வளரச் சில மாதம் ஆகும். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியோ ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறையைப் பெருக்கிவிடும். சீனத்து உழவர் வயலில் வைக்கோல் கட்டு வைத்துச் சிலந்திக்கு அடைக்கலம் தந்தது இதனால்தான்.

1960களில், திருத்துறைப்பூண்டி அடங்கிய அன்றைய தஞ்சை மாவட்டம், விளைச்சலைப் பெருக்க வந்த பேக்கேஜ் திட்டத்துக்குத் தேர்வானது. ஆடுதுறை 27, ஐஆர் 8 நெல் ரகங்கள், யூரியா ஆகியவற்றோடு பூச்சிமருந்தும் வந்தது. தாளுக்குள் புகையான் இட்ட முட்டை மருந்துக்குத் தப்பியது. வெளியே ஓடிய சிலந்தி செத்தது. வெயிலுக்குத் தப்பிய உயிர் மருந்துக்குத் தப்பவில்லை. மருந்தில்லாமல் இத்தனை விளைச்சல் ஏது என்ற வாதத்தை எளிதாகத் தள்ள முடியாது. அன்றைய பஞ்ச பயம் உண்மையானது. ஆனால் 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடைசெய்தது. விளைச்சல் விழவில்லை.

நெல் ஜெயராமன் பாரம்பரிய விதைகளை மீட்டதும், ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடந்ததும் இதே வட்டாரத்தில்தான். விதையை மீட்டவர்களுக்கு வரப்பை மீட்பது பெரிய வேலையல்ல. வரும் சித்திரையில் ஒரு வரப்பையாவது கொளுத்தாமல், களைக்கொல்லி அடிக்காமல் விட்டுவையுங்கள்.