துண்டுச் சீட்டும் தொழிலாளியின் சுதந்திரமும்

பிடிக்காத முதலாளியை விட்டு வேறொருவரிடம் செல்லும் உரிமை ஒருவனுக்கு உண்டா, இல்லையா என்பதே தொழிலாளியையும் அடிமையையும் வேறுபடுத்தும் உரைகல் என்பது நமது அபிப்பிராயம்.

பேரா மாநிலத்துக் கிரியான் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் ஒப்பந்தத்திற்குக் கட்டுண்டு உழைத்தனர். தவணை முடியுமுன் விலகியோடினால் சிறைவாசமும் உண்டு. 1907ல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, கப்பற் செலவு தோட்டக்காரர் யாவரும் செலுத்தும் பொதுப் பணத்தைச் சார்ந்தது. செலவு செய்தவர் ஒருவரல்லராதலின், “இவன் என் ஆள்” என்று சொல்ல எந்தத் துரைக்கும் நியாயமில்லாது போயிற்று. 1910ல் ஒப்பந்த ஆள்சேர்ப்பே நிறுத்தப்பட்டது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து வேறு ரப்பர் தோட்டம் செல்லலாமென்பது சட்டமாயிற்று. கங்காணியின் கடன் மட்டும் பலரைக் கட்டியே வைத்தது.

இலங்கையிலோ, பழைய துரை தரும் ‘துண்டு’ இன்றிப் புதிய தோட்டத்தில் வேலையில்லை. அவ்வழக்கம் 1921ல் சட்டத்தால் ஒழிந்தது.

துண்டு ஒழிந்ததா? இன்று பிரிட்டனில் திறன் தொழிலாளர் விசாவில் வேலை செய்பவர் முதலாளியை மாற்ற, புதிய முதலாளியின் ஆதரவுச் சான்றும் அரசாங்க அனுமதியும் வேண்டும். நம் நாட்டிலோ, ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில், அயல்நாட்டுத் தோழரின் பெர்மிட் ஒரே முதலாளியின் பெயருக்குக் கட்டுப்பட்டிருக்கிறது.

அப்பெயர்களைப் பதிவேட்டில் எழுதும் கிராணிகளாகிய நாம், நம் பாட்டனாரின் கட்டு இன்று பிறர் காலில் இருப்பதைக் கண்டும் வாளாவிருத்தல் தகுமா? வழிச்செலவைப் பொது நிதி ஏற்கட்டும். ஆள் தனக்கே உரியவனாகட்டும்.