மருந்து என்ற ஒரு சொல்

கேமரன் மலையில் பனி இறங்கும் இரவுகளில் மனிதர்கள் கம்பளிக்குள் சுருண்டுகொள்கிறார்கள். கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் மீனுக்குக் கம்பளி ஏது?

தெர்லா ஆறு தெலோம் ஆற்றில் வந்து சேரும் இடம் கோலா தெர்லா. தேயிலையும் காய்கறியும் விளையும் அந்த வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. கடைகளில் விற்கப்படும் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை வெப்ப நாட்டு ஆறுகளைச் சேர்ந்தவை. 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலான நீர்தான் அவற்றுக்கு ஒத்துவரும். மலைக் குளிரில் அவற்றின் நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. ஒருநாள் காலையில் பார்த்தால், உப்பைத் தூவியதுபோல் மீனின் உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள். உடனே வீட்டில் ஒரு குரல் எழும்: "மருந்து வாங்கி ஊற்றுங்கள்!"

இந்த 'மருந்து' என்ற சொல்லைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். தோட்டத்துத் தமிழில் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து. செடியில் பூச்சியைக் கொல்ல அடிப்பதும் மருந்து. புல்லைக் கருக்கத் தெளிப்பதும் மருந்து. மருந்தடிக்கும் வேலைக்குப் போனவர்கள் நஞ்சைச் சுமந்தார்கள் என்பதை அந்தச் சொல் மறைத்தே வந்திருக்கிறது. மீன் தொட்டிக்குள் ஊற்றப்படும் நீல, பச்சைத் திரவங்களும் அதே சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றன. அவற்றில் பல மீனுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. ஒன்று திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்தது. இன்னொன்று சாயத் தொழிலிலிருந்து வந்தது. மற்றொன்று பிணவறை அலமாரியில் இருந்தது. ஒவ்வொன்றிலும் பயன் முதலில் வந்தது. எச்சரிக்கை வெகுகாலம் கழித்தே வந்தது.

திராட்சைக் கொடியில் தொடங்கிய கதை

மயில்துத்தம் தமிழருக்குப் புதிதல்ல. துருசு என்ற பெயரில் சித்த மருத்துவம் அதை அறிந்திருந்தது. அதை உலகெங்கும் வயல்களுக்குக் கொண்டுசேர்த்தது பிரான்ஸ் நாட்டில் நடந்த ஒரு தற்செயல் நிகழ்ச்சி.

போர்டோ பகுதி விவசாயிகள், வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறித்துத் தின்னாமல் இருப்பதற்காகச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைத்தார்கள். 1882ஆம் ஆண்டில் அந்தப் பக்கமாகச் சென்ற தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே, சாலையோரக் கொடிகளைப் பூஞ்சை நோய் தாக்காமல் விட்டிருந்ததைக் கவனித்தார். ஆய்வு செய்து 1885இல் முடிவை வெளியிட்டார். அதுதான் இன்றும் விவசாயிகள் அறிந்த போர்டோ கலவை.

செம்பு உப்புகள் பின்னர் தேயிலை மலைகளுக்கும் ஏறின. 1946ஆம் ஆண்டில் கொப்புள நோய் இலங்கையின் தேயிலையையும் தென்னிந்தியத் தேயிலையையும் தாக்கியபோது, தோட்டங்கள் செம்பு மருந்துத் தெளிப்பையே பெரிதும் நம்பின. தெளித்த கைகளில் தமிழ்த் தொழிலாளர்களின் கைகளே அதிகம்.

அந்தத் தூவலைச் சுவாசித்தவர்களுக்கு என்ன ஆகும்? 1969ஆம் ஆண்டில் போர்ச்சுகல் மருத்துவர்கள் இருவர், திராட்சைத் தோட்டத்தில் நெடுங்காலம் போர்டோ கலவை தெளித்தவர்களின் நுரையீரலில் செம்பு படிந்த புண்களைக் கண்டு எழுதினார்கள். கலவை அறிமுகமாகி 84 ஆண்டுகள் கழிந்த பிறகு!

மீன் வளர்ப்பில் செம்பு, ஒட்டுண்ணிகளைக் கொல்லப் பயன்படுகிறது. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இருப்பது சிறிய இடைவெளி. நத்தையும் இறாலும் அதைத் தாங்கவே மாட்டா. மலைவாசிகள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து குறைந்த மென்மையான நீரில் செம்பின் நச்சுத்தன்மை பல மடங்கு கூடிவிடும். கருங்கல் மலைகளிலிருந்து வரும் ஓடை நீர் பொதுவாக அப்படிப்பட்ட மென்னீர்தான். சமவெளியில் மீனைக் காப்பாற்றிய அதே அளவு மலையில் மீனைக் கொன்றுவிடக் கூடும்.

சாயம் மருந்தான விதம்

மாலகைட் கிரீன் 1877ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட பச்சைச் சாயம். பட்டு, தோல், சணல், காகிதம் ஆகியவற்றுக்கு நிறமேற்றப் பயன்பட்டது. மாலகைட் என்ற பச்சைக் கல்லின் நிறத்தால் அந்தப் பெயர் வந்தது. கல்லுக்கும் சாயத்துக்கும் வேறு உறவில்லை. அதற்கு ஓராண்டு முன்னர், 1876இல், மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் பிறந்திருந்தது. 1891இல் பால் எர்லிக் அந்த நீலத்தை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சாயமே மருந்தாகலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வேர்விட்டது.

1936ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாஸ்டர், உட்பரி என்ற இருவர், மீன்களைத் தாக்கும் பூஞ்சைக்கு மாலகைட் கிரீன் நல்ல தீர்வு என்று எழுதினார்கள். மலிவான பொருள், பலனும் கண்கூடு. மீன் பண்ணைகளுக்கு வேறென்ன வேண்டும்? 1972இல் லெத்தோ, மேயர் என்ற ஆய்வாளர்கள் அதனுடன் பார்மலினைச் சேர்த்து வெண்புள்ளி நோய்க்குக் கொடுக்கும் முறையை வெளியிட்டார்கள். கடைகளில் விற்கும் வெண்புள்ளி மருந்துகள் பலவற்றுக்கு அந்தக் கூட்டுதான் அடிப்படை.

சாயத் தொழிலில் இருந்தவர்கள் இதற்கு முன்பே விலை கொடுத்திருந்தார்கள். 1895ஆம் ஆண்டிலேயே பிராங்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாய ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதைச் சுட்டிக்காட்டினார். ஆனால் சாயப் புட்டி மீன் பண்ணைக்குள் நுழைந்தபோது அந்த எச்சரிக்கை உடன் வரவில்லை.

மாலகைட் கிரீன் மீனின் உடலுக்குள் போனதும் நிறமற்ற வேறு பொருளாக மாறி, கொழுப்பில் நெடுநாள் தங்கிவிடும். அந்தப் பொருளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க அரசின் ஆய்வு 2005இல் வெளியானபோது, பெண் சுண்டெலிகளின் ஈரலில் கட்டிகள் தோன்றியதற்கான சான்று அதில் இருந்தது. அதே ஆண்டில், சீனாவிலிருந்து ஹாங்காங்குக்கு வந்த விலாங்கு மீன்களில் மாலகைட் கிரீன் கண்டுபிடிக்கப்பட்டுப் பெரும் பரபரப்பு ஏற்பட்டது. 2007இல் அமெரிக்கா சீனாவின் வளர்ப்பு மீன்களில் சில வகைகளைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தியது. உணவு மீனுக்கு இந்தச் சாயத்தை ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதிப்பதில்லை.

தொட்டி மீனை யாரும் சமைப்பதில்லை. அதனால் சாயம் அங்கே நீடிக்கிறது. ஆனால் தொட்டிக்குள் கைவிடுவது யார்? வீட்டுப் பிள்ளைகள் அல்லவா?

பார்மலினின் நெடி

பார்மால்டிஹைட் வாயு நீரில் கரைந்த கரைசலே பார்மலின். 1893இல் ஜெர்மானிய மருத்துவர் பெர்டினாண்ட் புளூம், அது உடல் திசுக்களைக் கெடாமல் வைத்திருப்பதைக் கண்டறிந்தார். அதன் பிறகு மருத்துவக் கல்லூரிகளிலும் பிணவறைகளிலும் அது நிலைத்துவிட்டது. 2018ஆம் ஆண்டில் கேரளத்தில் உணவு மீன்களில் பார்மலின் கலந்திருப்பதாகச் சோதனையில் தெரிந்து, டன் கணக்கில் மீன் பறிமுதல் செய்யப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பார்மால்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியது 2004இல். புளூம் கண்டறிந்து 111 ஆண்டுகள்!

பார்மலினைக் கையாள்வதில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. குளிரில் வைத்தால் புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு உண்டாகும். அது மீனுக்குக் கடும் நஞ்சு. அத்தகைய புட்டியைப் பயன்படுத்தவே கூடாது. மலைவீட்டில் இது எளிதில் நேரக்கூடியது. அடுத்து, பார்மலினும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் சூடேறிக் கொதித்து நச்சு வாயு கிளம்பும். கோழிப் பண்ணைகளில் கிருமி ஒழிக்க, ஆளில்லாத மூடிய அறையில் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். வீட்டில் அது தற்செயலாக நடந்துவிடக் கூடாது.

எச்சரிக்கை எப்படி வந்தது?

இன்று புட்டிகளில் காணப்படும் எச்சரிக்கை வாசகங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது கண்ணீரில் எழுதப்பட்டது என்றால் மிகையில்லை.

1958ஆம் ஆண்டில் பாலிடால் என்று மக்கள் அறிந்த பூச்சிக்கொல்லி, கப்பலில் உணவுப் பொருள்களோடு சேர்த்துக் கொண்டுவரப்பட்டது. கசிந்த நஞ்சு மாவில் கலந்தது. கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தக் கொடுமைக்குப் பிறகு நடந்த விசாரணைகளின் தொடர்ச்சியாகவே இந்தியாவின் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இல் வந்தது. மலேசியாவில் அத்தகைய சட்டம் 1974இல் இயற்றப்பட்டது.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? 1962இல் விற்பனைக்கு வந்த பாராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியத் தோட்டங்களில் பல்லாண்டுகள் தெளிக்கப்பட்டது. தெளித்தவர்களில் பெண்கள் ஏராளம். தமிழ்ப் பெண்கள் அவர்களில் கணிசமானவர்கள். தோல் அரிப்பு, கண் எரிச்சல், தலைசுற்றல், மூச்சுத் திணறல் என்று அவர்கள் பட்ட பாட்டை, ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய தெனாகனித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் 2002இல் ஆய்வாக வெளியிட்டன. அதே ஆண்டில் அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி முதல் தேதியில்தான். எச்சரிக்கை ஏட்டில் இருந்தாலும், கையுறை கைக்கு வராவிட்டால் பயனில்லை என்பதே அந்தப் பெண்கள் விட்டுச் சென்ற பாடம்.

வீட்டுக்குள் வந்த பாடம்

மீன் தொட்டி வைத்திருப்பவருக்கு இந்த வரலாறு எதற்கு? தோட்டத்தில் நடந்த தவறுகள் எல்லாம் சிறிய அளவில் வீட்டிலும் நடக்கின்றன என்பதற்காகத்தான்.

முதல் தவறு, அளவைக் கூட்டுவது. வெண்புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. அது வளர்ந்து உதிர்ந்து, தொட்டியின் அடியில் தங்கி, நூற்றுக்கணக்காகப் பெருகி, மீண்டும் மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்து அதைக் கொல்லும். 25 டிகிரி நீரில் இந்தச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடியும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும். இதை அறியாதவர், புள்ளி மறையவில்லையே என்று மறுநாளே இரண்டு மடங்கு ஊற்றுகிறார். நோயில் பிழைக்க வேண்டிய மீன் மருந்தில் சாகிறது. மலைவீட்டில் முதலில் வாங்க வேண்டியது நீர் சூடேற்றும் கருவி. வெப்பத்தை மெல்ல மெல்ல உயர்த்தி, காற்றுக் குழாயை நன்றாக ஓடவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அளவுக்குக் கணக்கு வேண்டும். நீளம், அகலம், நீரின் உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60, 30, 30 என்றால் 54 லிட்டர். கல்லும் மணலும் அடைத்த இடத்தைக் கழிக்க வேண்டும். செதில் இல்லாத கெளுத்தி வகை மீன்கள் சாய மருந்துகளைத் தாங்க மாட்டா. மெத்திலீன் புளூ, வடிகட்டியில் வாழும் நல்ல கிருமிகளையும் அழித்துவிடும். ஆகவே நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுவதே முறை.

இரண்டாவது தவறு, சாயக் கடையில் மலிவாக வாங்குவது. துணிக்கான மாலகைட் கிரீனில் துத்தநாக உப்பு இருக்கலாம். அது மீனைக் கொல்லும்.

மூன்றாவது தவறு, வாயால் குழாயை உறிஞ்சி நீரை வெளியேற்றுவது. வீட்டுக்கு வீடு நடக்கும் பழக்கம் இது. மருந்து கலந்த நீரில் இதைச் செய்வது நஞ்சைச் சுவைப்பதற்குச் சமம். ரப்பர் பந்து பொருத்திய குழாய் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். கையுறை அணிவது, சன்னல் திறந்த இடத்தில் கலப்பது, தூளைக் காற்றில் பறக்கவிடாமல் நீரில் மெல்லக் கரைப்பது, சமையல் கரண்டியைத் தொடாமல் இருப்பது ஆகியவை அடிப்படைப் பழக்கங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகில் இருக்கவே வேண்டாம்.

நான்காவது தவறு, பழைய நீரைக் கால்வாயில் கொட்டுவது. கோலா தெர்லாவில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. தெலோம் ஆற்று நீரில் ஒரு பகுதி சுரங்கக் குழாய் வழியாக ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்குத் திருப்பப்படுகிறது. எஞ்சியது ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றில் சேர்கிறது. மேலே ஒருவர் கொட்டுவது கீழே இன்னொருவரின் வாசலுக்குப் போகிறது. சாயம் கலந்த நீரைக் கரித்தூள் வடிகட்டியில் ஒரு நாள் ஓடவிட்டால் நிறம் நீங்கிவிடும். செம்பு அப்படி மறையாது. அதனால்தான் அதைக் கடைசி வழியாக மட்டுமே கையில் எடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதற்குச் செலவே இல்லை. கடையில் சிறு புட்டியில் ஊற்றித் தரும் திரவத்தின் உண்மையான பெயரைக் கேட்டு, அந்தப் பெயரையும் 'நஞ்சு' என்ற சொல்லையும் வாங்கிய தேதியையும் ஒரு தாளில் தமிழில் பெரிதாக எழுதி, புட்டியில் ஒட்டிவிட வேண்டும். வீட்டில் பாட்டிக்கும் பேரனுக்கும் படித்துக் காட்ட வேண்டும். 'மருந்து' என்று மட்டும் சொல்லி எதையும் அலமாரியில் வைக்காதிருப்பதே, வெறுங்கையோடு மருந்தடித்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை செய்யும் மரியாதை.