பகடையும் திரையும்

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த என் நண்பன் ஒருவன் இப்போது ஒரகடத்தில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை ராத்திரிகளில் அவனும் சிநேகிதர்கள் நாலு பேரும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திப் போகிற ஆட்டம். ஒருவர் மட்டும் தனக்கென்று பாத்திரம் இல்லாமல், அந்த உலகத்தையே கையில் வைத்திருப்பார். காடு, கோட்டை, எதிரி எல்லாம் அவர் சொல்வதுதான். மாஸ்டர் என்று பெயர். வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். மாஸ்டர் தன் பகடையை ஓர் அட்டைத் திரைக்குப் பின்னால் உருட்டிக்கொள்வார்.

ஒருநாள் நண்பனின் பாத்திரம் சாக வேண்டிய கட்டம். மாஸ்டர் பகடையைப் பார்த்துவிட்டு “தப்பிச்சிட்ட” என்றார். ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது, அவர் சொன்னது பொய். “எனக்காகத்தான் பொய் சொன்னான், தெரியுது. ஆனா அதுக்கப்புறம் நான் ஜெயிச்சது எதையுமே நம்ப முடியலடா” என்றான் நண்பன். இதை வெறும் விளையாட்டு வருத்தம் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. விதியை வளைக்கும் உரிமை யாருக்கு, வளைக்கும்போது யாரெல்லாம் பார்க்கலாம் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்வியின் வரலாறு பாதி பிரஷ்யாவிலும் பாதி நம் ஊர்க் கூத்துக் களத்திலும் கிடக்கிறது.

பிரஷ்யக் கதை சுருக்கமானது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். வரைபடம், துருப்புக் கட்டைகள், பகடை, சேதக் கணக்குக்கு அட்டவணைகள், நடுவில் ஒரு நடுவர். 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற அதிகாரி, அட்டவணையும் வேண்டாம் பகடையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் சொன்னால் போதும் என்றார். அனுபவம் என்று அவர் சொன்னது பதவியைத்தான். மேலதிகாரி தீர்ப்புச் சொல்ல, கீழதிகாரி சல்யூட் அடிக்க வேண்டும். இந்த நடுவர் அமெரிக்க ராணுவ அதிகாரி டாட்டன் எழுதிய ‘ஸ்ட்ரேட்டகோஸ்’ (1880) வழியாக, தொண்ணூறு வருஷம் கழித்து மினசோட்டா மாணவர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஆடிக்கொண்டிருந்த டேவ் ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் வெளியிட்டதுதான் என் நண்பன் ஆடும் ஆட்டம். 1979இல் மாஸ்டர்களுக்காக எழுதிய கையேட்டில், பகடை சொல்வதை மீற மாஸ்டருக்கு உரிமை உண்டு என்று கைகாக்ஸ் எழுதியே வைத்தார். ராணுவ அதிகாரம் இங்கே நல்லெண்ணமாக வேஷம் மாற்றிக்கொண்டது. கதை நன்றாக வரவேண்டும், எல்லோரும் சந்தோஷமாக வீடு போக வேண்டும், அதனால் ஒருவர் மட்டும் மறைவாகப் பொய் சொல்லலாம். இப்படிச் சொல்லும் அதிகாரங்களை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

நம் பக்கம் பகடைக் கதைக்குப் பஞ்சமில்லை. சபா பருவத்துச் சூதை விதிகளின் கதையாகப் படித்துப் பாருங்கள். பந்தயம் வைப்பவன் துரியோதனன், உருட்டுபவன் சகுனி. ஒருவருக்காக இன்னொருவர் ஆடுவது முறையில்லை என்று தர்மன் சொல்கிறான், சொல்லிவிட்டு உட்கார்ந்து ஆடுகிறான். தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று திரௌபதி கேட்டது, அந்தச் சபையில் ஆட்டத்தின் விதியை வைத்தே எழுப்பப்பட்ட கேள்வி. பீஷ்மரிடம் அதற்கு நேரான பதில் இல்லை. பிறகு திருதராஷ்டிரன் வரம் கொடுத்துத் தோல்வியையே ரத்து செய்கிறான். உடனே மறுபடி ஒரு சூது. விதியை வளைத்தவர்கள் எல்லோரும் ஒரே குடும்பத்து ஆண்கள்.

இந்தக் கதைக்குக் காஞ்சி வட்டாரத்தோடு நெடுநாள் உறவு. பக்கத்திலிருக்கும் கூரத்தில் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனின் ஏழாம் நூற்றாண்டுச் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஏற்பாடு செய்திருக்கிறது. திருப்பாடகத்தில் பாண்டவர்களின் தூதனாகக் கண்ணன் பெரிய உருவாக உட்கார்ந்திருக்கிறான் (சூரியனை மறைத்ததும் தொடையைத் தட்டிக் காட்டியதும் இவன்தான். விதி வளைப்பில் இவனுக்கு மேல் மாஸ்டர் கிடையாது). திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. தெருக்கூத்தா கட்டைக்கூத்தா என்ற பெயர்ச் சண்டை தனிக்கதை. 1990இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்து சங்கம், வேஷக்காரர் அணியும் மரக்கட்டை அணிகளை வைத்து இரண்டாவது பெயரைப் பிடித்துக்கொண்டது.

கூத்திலும் திரை உண்டு. இரண்டு பேர் துணியைப் பிடித்திருக்க, ராஜா அதன் பின்னால் நின்று பாடுவார். கட்டியக்காரன் நிற்பது திரைக்கு இந்தப் பக்கம், நம் பக்கம். “யாரய்யா நீ?” என்று ராஜாவைக் கேட்பவன் அவன். வாயில்காப்போன், தூதன், கோமாளி, நம்ம ஊர்க்காரன் எல்லாம் அவனே. பாட்டை நீட்டலாம், காட்சியைக் குறுக்கலாம், அரிசி விலையைத் துரியோதனன் சபைக்குள் இழுக்கலாம். கிழக்கு வெளுப்பதற்குள் கதை முடிய வேண்டுமே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே பாடும் வாத்தியாருக்கு இந்த வளைவெல்லாம் தேவை. முடிவை மட்டும் யாரும் தொட முடியாது, தர்மன் தோற்றே ஆக வேண்டும். மேசை ஆட்டத்தில் நேர் எதிர். அங்கே முடிவு திறந்திருக்கிறது, அதனால்தான் மறைவாக வளைக்கப்படுகிறது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் காஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சூது–துகில் பார்த்தேன். சகுனி உருட்டியதும் கட்டியக்காரன் பகடையைப் பொறுக்கிக்கொண்டு முன்வரிசைக் கிழவியிடம் ஓடினான். “ஆயா, நீயே பாரு. இன்னா விழுந்திருக்குது?” ஆயா யோசிக்கவே இல்லை: “இவன் பொய் சொல்றான். தர்மருதான் ஜெயிச்சாரு.” களமே சிரித்தது. சகுனி வேஷக்காரர் அசரவில்லை. “ஆயா பாத்தது சரிதான். ஆனா சபை எங்களுதாச்சே” என்றார். சிரிப்பு அப்படியே நின்றது. எம்.ஏ. வகுப்பில் வில்லிபாரதத்தை மனப்பாடமாக ஒப்பித்தவன் நான். சூதில் நடந்தது என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

துகிலுரியும் நேரத்தில் இன்னொரு வளைவு. பல குழுக்களில் துச்சாதனன் வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, திரௌபதியைக் கும்பிட்ட பிறகுதான் சேலையில் கை வைப்பார். நாடக விதிப்படி பார்த்தால் பாத்திரம் உடைகிறது. யாரும் அதைக் குறை என்று சொல்வதில்லை. மீறலை எல்லோரும் பார்க்கிறார்கள், சேர்ந்து கும்பிடுகிறார்கள். என் நண்பனின் மாஸ்டர் திரையை நீக்கிவிட்டு, “நீ சாகக்கூடாதுன்னு நெனைக்கிறேன், என்ன சொல்றீங்க?” என்று மேசையைப் பார்த்துக் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

ஆனால் கூத்தைக் கொண்டாடிக்கொண்டே போய்விட முடியவில்லை. திரௌபதியாக நின்று அந்தக் கேள்வியைக் கேட்டவர்களும் காலங்காலமாக ஆண்கள்தான். பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டலாம் என்று அந்த விதியை வளைக்க, காஞ்சிக்கு வெளியே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து சங்கம் 2002இல் ஆரம்பித்த குருகுலம் தேவைப்பட்டது. 2020இல் அதுவும் மூடப்பட்டது. கட்டியக்காரனின் நக்கல் பல ராத்திரிகளில் பெண்கள் மேலேயே விழுவதையும் கேட்டிருக்கிறேன்.

சாதி விஷயத்தில் விதி வளைவதே இல்லை. 2023 ஏப்ரலில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போனதற்காகத் தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில்தான் அவர்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது, அதுவும் போலீஸ் காவலோடு. சபையில் நியாயம் கேட்ட அதே திரௌபதியின் கோயில்.

அந்தச் சூது–துகில் ராத்திரியை இப்போது திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஆயா முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். வெகு பின்னால், விளக்கு வெளிச்சம் தீர்ந்துபோகிற புளியமரத்தடியில், ஒரு கூட்டம் விடியும்வரை நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தது. கட்டியக்காரன் பகடையை அவர்களிடம் கொண்டுபோகவில்லை. அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவும் இல்லை.