பிரேசர் மலையும் நம் மக்களும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் "இந்த லீவுக்கு எங்கே போகலாம்?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். கேமரன் மலை எல்லாருக்கும் தெரியும். கெந்திங் மலையைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆனால் சுபாங் ஜெயாவிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய பிரேசர் மலையைப் பற்றி நம்மவர்களில் பலர் கேள்விப்பட்டதோடு சரி. அங்கே மினுக்கும் விளக்குகள் இல்லை, ராட்டினம் இல்லை. காடும், குளிரும், பறவைகளும், நூறாண்டு கண்ட கருங்கல் பங்களாக்களுமே உண்டு. அந்தப் பங்களாக்களுக்குப் பின்னே உள்ள சரித்திரத்தில் நம் பாட்டன் பூட்டன்மாருக்கும் பங்கு இருப்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

மலைக்குப் பெயர் தந்தவர் லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மலையில் ஈயம் கிடைத்தது. ஈயக்கல்லைக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிக் கீழே இறக்கினாராம். அவருடைய குடிசையில் சூதாட்டமும் அபினியும் நடந்தன என்றும் ஒரு பேச்சு உண்டு. பிறகு ஒருநாள் ஆள் காணாமல் போய்விட்டார். எங்கே போனார், என்ன ஆனார் என்பது இன்றுவரை புதிர்தான். 1917இல் சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் பிஷப் பெர்குசன் டேவி அவரைத் தேடிக்கொண்டு மலையேறினார். பிரேசர் அகப்படவில்லை, வெறும் குடிசைதான் இருந்தது. ஆனால் மேலே வீசிய குளிர்காற்று பிஷப்பைப் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தவர், வெள்ளைக்கார அதிகாரிகள் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஏற்ற இடம் இது என்று அரசாங்கத்துக்கு எழுதினார். 1919இல் வேலை தொடங்கியது. 1922இல் மலைவாசஸ்தலம் திறக்கப்பட்டது. பிஷப் பெயரில் இன்றும் அங்கே ஒரு காட்டுப் பாதை இருக்கிறது. தேடப்போனவருக்கு ஒரு பாதை, தொலைந்துபோனவருக்கு ஒரு மலை!

குளிர்ந்த மலை எதற்காக? ஆங்கிலேயர் போன இடமெல்லாம் இதே கதைதான். சென்னை மாகாணத்து அதிகாரிகளுக்கு உதகமண்டலம், இலங்கையில் நுவரெலியா, இங்கே தைப்பிங் அருகே மெக்ஸ்வெல் மலை. வெப்பமும் மலேரியாக் காய்ச்சலும் அவர்களைப் படாதபாடு படுத்தின. கப்பலேறித் தாயகம் போய்வர மாதக்கணக்கில் ஆகும். அதனால் மலைமேல் ஒரு சின்ன இங்கிலாந்தைக் கட்டிக்கொண்டார்கள். கருங்கல் சுவர், கணப்பு அடுப்பு, ரோஜாத் தோட்டம், ஈயம் தோண்டிய பள்ளத்தைச் சமப்படுத்திப் போட்ட கோல்ப் திடல் எல்லாம் அப்படி வந்தவைதான். 1924இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில், முதல் உலகப் போரில் பணியாற்றிய வீரர்களுக்காகக் கட்டிய ஓய்வில்லமே பின்னாளில் 'ஸ்மோக் ஹவுஸ்' என்னும் ஓட்டலாயிற்று.

அதே காய்ச்சல் நம் மக்களையும் பிடித்தது. ஆனால் அவர்களுக்கு மலை இல்லை. கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901இல் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டிக் கொசுவை ஒழிக்கத் தொடங்கும்வரை, தோட்டத்து லயங்களில் மலேரியாவால் மாண்டவர்களுக்குக் கணக்கு வழக்கில்லை. பிறகும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வைத்துக் கொயினா கொடுத்ததே அவர்கள் கண்ட வைத்தியம்.

இந்த நாட்டின் சாலைகளிலும் ரயில் பாதைகளிலும் பெரும்பகுதியைப் போட்டது தமிழனின் கை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்கள் பால்மரம் வெட்ட மட்டும் வரவில்லை. பொதுப்பணி இலாகாவில் கல் உடைத்தார்கள், மண் சுமந்தார்கள், தார் ஊற்றினார்கள். 1928இல் முக்கியமான தோட்டப் பகுதிகளுக்கு அரசாங்கம் விதித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பொருளாதார மந்தம் வந்ததும் அதையும் குறைத்தார்கள். மலைச்சாலையில் வளைவுக்கு வளைவு கல் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது, இதை அடுக்கியவர் யாரோ என்று கேட்கத் தோன்றுகிறது. எந்தப் பலகையிலும் விடை இல்லை.

துரைமாருக்கு முன்னால் நம்மவர் நிலை எப்படி இருந்தது என்பதற்கு 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தமே சாட்சி. கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்கள் இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அன்று அதற்குப் பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்.

ஒரு மாணவனின் தாத்தா, வயது எண்பதைத் தாண்டியவர், அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்தில் துரைக்கு டிரைவராக இருந்தவர். பிரேசர் மலை என்றதுமே சிரித்துவிட்டார். "துரை மலைக்குப் போனாத்தான் சார் தோட்டத்துல எல்லாருக்கும் லீவு மாதிரி. எனக்குத்தான் லீவு இல்ல, காரு ஓட்டணுமே!" என்றார். மேலே போய் எங்கே தங்குவீர்கள் என்று கேட்டேன். "பங்களாவுக்குப் பின்னால குசினிக்காரங்க ரூம்பு இருக்கும். அங்க ஒரு கம்பளி குடுப்பாங்க. முன்வாசல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

மலைப்பாதை மிகக் குறுகல். ஆகவே 'கேப்' என்னும் கணவாயில் வாயில் வைத்து, ஒரு நேரம் ஏறும் வண்டிகளையும் மறு நேரம் இறங்கும் வண்டிகளையும் விட்டார்கள். நேரம் தவறினால் காத்திருக்கவேண்டியதுதான். அந்தக் கணவாய்க்குச் செல்லும் சாலையில்தான் 1951 அக்டோபர் 6ஆம் நாள், வார ஓய்வுக்காக மனைவியுடன் மலைக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டார்கள். அவர் காரைவிட்டு இறங்கிச் சாலையோரம் நடந்தார். குண்டுகள் அவர்மேல் பாய்ந்தன. காருக்குள் இருந்த அவருடைய மனைவியும் செயலாளரும் தப்பினர். ஓய்வுக்குப் போகும் வழியில் ஒரு நாட்டின் தலைமை அதிகாரியே மாண்டார் என்றால் அவசரகாலம் எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு காலம் மாறியது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறையைச் சட்டத்தில் எழுதி வைத்தது 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம். இன்று இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 8 நாளும், ஐந்து ஆண்டு நிறைந்தவருக்கு 16 நாளும் உண்டு. அந்த நாள்களை வீட்டில் படுத்தே கழித்துவிடுகிறோம் என்பது வேறு விஷயம். 1957இல் நாடு விடுதலை அடைந்தது. துரைமாரும் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். சீபீல்டு தோட்டத்து நிலத்தில் 1970களில் சுபாங் ஜெயா எழுந்தது. பால்மரம் நின்ற இடத்தில் மாடிவீடுகள். தோட்டம் என்பது பள்ளியின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சென்ற ஆண்டு ஆசிரியர்கள் நாங்கள் சிலர் குடும்பத்தோடு போய் அங்குள்ள பழைய பங்களா ஒன்றில் இரண்டு இரவு தங்கினோம். முன்வாசல் வழியாகத்தான் போனோம். கணப்பு அடுப்பைப் பார்த்த என் மகன் "இதுல ரொட்டி சுடலாமா?" என்றான்.

அங்கே காணப்படும் பறவை இனங்கள் 250க்கும் மேல். அதற்காகவே 1988 முதல் அனைத்துலகப் பறவை காணும் போட்டி நடத்தியிருக்கிறார்கள். மஞ்சளும் சிவப்புமாய், கன்னத்தில் வெள்ளிப் பொட்டு வைத்த வெள்ளிக்காதுக் குருவிதான் அந்த மலையின் சின்னம். மூக்கடியில் நெருப்புக் கொழுந்து போல் முடி வைத்திருக்கும் குக்குறுவான் இருக்கிறது. அது கத்தினால் ஏதோ சிள்வண்டு என்று நினைப்போம். வாலின் நுனியில் துடுப்புகளை இழுத்துக்கொண்டு பறக்கும் கரிச்சானும், மலாயில் எங்காங் எனப்படும் இருவாய்ச்சியும் உண்டு. காலையில் தூரத்து மரங்களிலிருந்து ஊளையும் குரைப்புமாக ஒரு சத்தம் வரும். பயப்படவேண்டாம், சியாமாங் என்னும் கருநிற வாலில்லாக் குரங்கு, தொண்டைப் பையைப் பலூன் போல் ஊதி, தன் ஜோடியோடு சேர்ந்து கூவுகிறது.

பறவைகள் அங்கே கூட்டம் கூட்டமாகத்தான் வரும். பத்துப் பதினைந்து இனங்கள் கலந்து வரும். ஐந்து நிமிடத்தில் காடு வெறிச்சென்று ஆகிவிடும். ஒன்று கிளையை அசைத்தால் கிளம்பும் பூச்சியை மற்றொன்று பிடிக்கும். கண்கள் பல இருப்பதால் பருந்து வருவதும் முன்னதாகவே தெரிந்துவிடும்.

போக நினைக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கோல குபு பாருவிலேயே பெட்ரோல் அடித்துக்கொள்ளுங்கள். சாலையில் மண்சரிவு ஏற்படுவதுண்டு, விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். பிள்ளைகளுக்குச் சுவெட்டர் எடுத்துச் செல்லுங்கள். பறவை பார்க்கக் காட்டுக்குள் நுழையவேண்டும் என்பதுகூட இல்லை. இரவெல்லாம் எரிந்த பங்களா விளக்கின் கீழே விட்டில்கள் விழுந்து கிடக்கும். அவற்றைத் தின்னப் பொழுது புலரும்போதே குருவிகள் வந்துவிடும். ஏழு மணிக்கு வாசலில் நில்லுங்கள். எட்டு மணிக்கு மேல் விட்டிலும் இராது, குருவியும் இராது.